மூச்சுவிடாத மரம்

படகிலிருந்து பார்க்கிறவர்கள் அதைக் கோட்டை என்கிறார்கள்.
மூலைக்கொரு வட்டக் கோபுரம்,
நெற்றியில் கடிகாரம்,
கடலை நோக்கி இறங்கி
மனம் மாறி நின்றுவிட்ட படிக்கட்டு.
எனக்கு அது மேசை.
ஆயிரத்து நூறு கால் உள்ள மேசை.

நான் ஷுகூஃபெ, பழுதுபார்ப்புப் பிரிவுப் பொறியாளர்.
காடிகோய்த் துறையில் இறங்கி
எள் ஒட்டிய சிமிட்டைப் பிய்த்துத் தின்றபடி
தினமும் அந்த மேசைக்கு அடியில் நுழைகிறேன்.

ஹைதர்பாஷாவுக்கு நிலம் போதவில்லை.
கடலைத் தூர்த்தார்கள். சேறு பிடி கொடுக்கவில்லை.
ஜெர்மானியர் கொண்டுவந்த நீராவிச் சம்மட்டி
இருபத்தொரு மீட்டர் மரங்களை
உச்சந்தலையில் அடித்து அடித்து இறக்கியது.
அந்தச் சத்தத்தில் எத்தனை தொட்டில்கள் விழித்தன என்று
கோப்பில் குறிப்பு இல்லை.
கல் எத்தனை வண்டி, ஈயம் எத்தனை கிலோ,
அதெல்லாம் இருக்கிறது.

பாக்தாத் வரை போகும் என்றார்கள்.
திறந்து பத்தாண்டு ஆகுமுன்
பெட்டிகளில் பயணிகளுக்குப் பதில் வெடிகுண்டு ஏறியது.
ஒரு செப்டம்பர் பிற்பகலில்
எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டன,
மேல்நோக்கி.

பிறகு கட்டினார்கள்.
பிறகு ஒரு நவம்பர் விடியலில்
எதிரே கடலில் எண்ணெய்க் கப்பல் வெடித்தது.
காத்திருப்புக் கூடத்தில் படுத்திருந்த
எர்ஸிஞ்சான் குடும்பம் ஒன்று
சிவப்பும் நீலமுமாய்
ஜன்னலையே போர்த்திக்கொண்டு எழுந்தது.

பிறகும் கட்டினார்கள்.
கூரையைச் செப்பனிட ஏறிய நாளில்
கூரை எரிந்தது. அதுவும் நவம்பர்.
தீயணைப்புப் படகுகள் வந்தன;
இத்தனை காலம் வாசலில் நின்ற கடல்
அன்றுதான் மாடி ஏறி
அதை அணைத்தது.

இப்போது ரயில் இல்லை.
தண்டவாளத்தைப் பெயர்த்தால்
அடியில் இன்னொரு ஊர்: கால்சிடோன்.
சுவர், காசு, யாருடையதோ கெண்டைக்கால் எலும்பு.
தூரிகையால் மண் தட்டும் துலாய் சொல்கிறாள்:
"உங்கள் வண்டி தாமதமாகட்டும்,
இவர்களுக்கு அவசரமில்லை."

அவசரம் நெஜ்மெத்தினுக்கு.
முப்பது வருடம் எஞ்சின் ஓட்டியவர்.
ஞாயிறுதோறும் படியில் கூடும் கூட்டத்தில்
ஒலிபெருக்கி தராவிட்டாலும் கத்துவார்:
"ஸ்டேஷன்னா ரயில் வரணும்!
ஹோட்டலில் தூங்க எனக்கு வீடு இருக்கு!"
கடற்பறவைகள் மட்டும் எழுந்து
மறுபடி அதே இடத்தில் உட்காரும்.

போன செவ்வாய் ஒரு காலைத் துளைத்தோம்.
விரல் பருமனில் மாதிரி ஒன்று மேலே வந்தது.
ஈரம். வெளிர் மஞ்சள்.
முகர்ந்தேன்: பிசின்.
நூறாண்டு தாண்டியும்
நேற்றுக் காட்டில் சாய்த்தது போல.
துளையிட்ட பையன் தொப்பியைக் கழற்றினான்,
ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை.

'காற்றுப் படாததால் அழுகவில்லை' என்று அறிக்கையில் எழுதினேன்.
மேலே நன்றாகக் காற்று வாங்கிய உத்தரங்கள்
ஒரு பிற்பகலில் கரியானதை எழுதவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஒரு துண்டைத் திருடினேன்.
கட்டைவிரல் நகமளவுதான்.
கோட்டுப் பையில் போட்டுப் படகேறினேன்.
தேநீர் வாங்கினேன், யாருடனோ வானிலை பேசினேன்.
பெஷிக்தாஷில் இறங்கி எடுத்துப் பார்த்தால்
உலர்ந்து, நிறம் மங்கி,
நடுவில் ஒரு விரிசல்.

இரண்டு போர், ஒரு தீ,
எத்தனையோ நிலநடுக்கம் தாங்கியதற்கு
என் சட்டைப்பைக் காற்று
இருபது நிமிடம் போதுமாயிருந்தது.

வீட்டில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி
உள்ளே போட்டேன். மிதந்தது.
உப்புப் போட்டேன். அப்போதும் மிதந்தது.
கரண்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
வேலை முடிந்து வந்த வேதாத் கேட்டான்,
"என்ன இது, மருந்தா?"
"கால்" என்றேன்.
அவன் குனிந்து என் பாதங்களைப் பார்த்தான்.

விடிவதற்குள் அது தானாக அடியில் இறங்கியிருந்தது.
விரிசல் மூடிக்கொண்டிருந்தது,
ஏறக்குறைய.